லிங்கின் பார்க் ஆல்பங்கள்: ஒரு ரேடியோ செட்காரனின் வரிசை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேலூர் பக்கம் எங்களுக்கு ரேடியோ செட் தொழில். அப்பா காலத்தில் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய வேலை, என் காலத்தில் பாக்ஸ், மிக்ஸர், சீரியல் செட் என்று பெருத்துவிட்டது. வேலை நேரத்தில் ஊர் கேட்பதைப் போடுவேன். வேலை முடிந்து லோடு வண்டியில் திரும்பும்போது நான் கேட்பதைப் போடுவேன், அது இருபது வருஷத்துக்கு மேலாக லிங்கின் பார்க் என்கிற அமெரிக்க ராக் குழுதான். கூட வரும் பையன்களும் மதுரையில் காலேஜ் படிக்கும் அக்கா மகனும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். இனி வண்டியில் தூங்க விடுங்கள்.

வரிசையை முதலில் சொல்லுங்கள், வியாக்கியானம் அப்புறம்.

சரி. எனக்குப் பிடித்ததில் முதலில் இருந்து கடைசி வரை: ஹைப்ரிட் தியரி (2000), எ தௌசண்ட் சன்ஸ் (2010), மெட்டியோரா (2003), ஃப்ரம் ஸீரோ (2024), லிவிங் திங்ஸ் (2012), மினிட்ஸ் டு மிட்நைட் (2007), தி ஹன்டிங் பார்ட்டி (2014), ஒன் மோர் லைட் (2017). மொத்தம் எட்டு. இரண்டாம் இடத்தைப் பார்த்ததும் அக்கா மகன், “மாமா, குழாய் பக்கத்துலயே நின்னு நின்னு உங்களுக்குக் காது போச்சு” என்றான். அவனுக்கான பதில் கீழே நீளமாகவே இருக்கிறது.

யார் இவர்கள்? ஒன்றும் தெரியாதவருக்குச் சுருக்கமாக.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாக்காரர்கள். முதலில் ஸீரோ என்று பெயர் வைத்திருந்தார்கள், அப்புறம் ஹைப்ரிட் தியரி, கடைசியில் லிங்கின் பார்க். பேச்சுப் பாட்டு, அதாவது ராப், மைக் ஷினோடா. உச்சக் குரலும் கத்தலும் அரிசோனாவில் இருந்து வந்து சேர்ந்த செஸ்டர் பென்னிங்டன். கிட்டார் பிராட் டெல்சன், டிரம்ஸ் ராப் போர்டன், பேஸ் ஃபீனிக்ஸ் என்கிற டேவ் ஃபாரல், இசைத்தட்டைத் தேய்த்து ஒலி எழுப்புகிறவர் ஜோ ஹான்.

நு மெட்டல் என்றால் என்ன?

தொண்ணூறுகளில் கிளம்பிய ஒரு வகை மெட்டல், அதாவது கனத்த ராக் இசை. லிங்கின் பார்க்கை முதலில் இதில்தான் சேர்த்தார்கள். கிட்டாருக்கு வழக்கத்தைவிட இறக்கிச் சுருதி வைப்பார்கள், அதனால் சத்தம் கனத்து விழும். அதன் மேல் ராப், இசைத்தட்டுத் தேய்ப்பு, கத்தல். பழைய மெட்டல் குழுக்களில் கிட்டார்காரர் ஐந்து நிமிஷம் தனியாக வித்தை காட்டுவார், இதில் அது ரொம்பக் குறைவு. கோர்ன், டெஃப்டோன்ஸ், லிம்ப் பிஸ்கிட் எல்லாம் லிங்கின் பார்க்குக்கு முன்னால் வந்தவர்கள். லிங்கின் பார்க்கும் முதல் இரண்டு ஆல்பத்தோடு அந்தத் தெருவைவிட்டு வெளியே வந்துவிட்டது. ஆகவே “அசல் நு மெட்டல் எது” என்பதை வைத்து வரிசை போட்டால் இரண்டோடு வேலை முடிந்துவிடும். அது வரிசையே இல்லை.

அப்படியானால் உங்கள் அளவுகோல் என்ன?

எசப்பாட்டு.

சிரிக்க வேண்டாம், இதற்குக் காரணம் இருக்கிறது. நான் இவர்களை முதலில் கேட்டது ஒரு குழாயில். மதுரை பஜாரில் நூற்றைம்பது பாட்டு உள்ள எம்பி3 சிடி வாங்கி வந்திருந்தேன். கடையில் யூனிட் மாற்றிய ஒரு குழாய் பெஞ்சு மேல் கிடந்தது. அதைச் சோதிக்கக் கைக்கு வந்த பாட்டைத் தட்டிவிட்டேன். குழாயில் கேட்டவர்களுக்குத் தெரியும், அதற்கு அடிச்சத்தம் வரவே வராது. கிட்டாரின் கனம், பேஸ், டிரம்ஸின் இடி எல்லாம் தொலைந்துபோய் நடுவில் குரல் மட்டும் சொரசொரவென்று மிஞ்சும். அன்றைக்கு எனக்கு மிஞ்சியது இரண்டு ஆண் குரல்கள். ஒருவன் கணக்கு ஒப்பிப்பதுபோல நிதானமாகப் பேசிக்கொண்டே போகிறான், இன்னொருவன் அதைப் பிடுங்கி வானத்துக்கு எறிகிறான். எங்கள் அப்பத்தா நடவு வயலில் எசப்பாட்டு பாடும். ஒரு பக்கம் எடுத்துவிட, எதிர்ப்பக்கம் பதில் கட்டிக் கொடுக்கும். அதே வேலைதான் இது என்று பட்டது. மெட்டல் என்ற சொல்லே எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த இரண்டு குரலும் எந்த ஆல்பத்தில் ஒன்றை ஒன்று நம்பி நிற்கிறதோ அது மேலே. ஒருவர் பாட இன்னொருவர் ஓரமாக வேடிக்கை பார்த்தால் அது கீழே. அவ்வளவுதான் என் கணக்கு.

ஹைப்ரிட் தியரி ஏன் முதலிடம்? எல்லோரும் சொல்வதையே நீங்களும் சொல்கிறீர்களா?

எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக நல்ல கிடாயைச் சொத்தை என்று சொல்ல முடியுமா?

2000 அக்டோபர் 24 அன்று வந்தது. பன்னிரண்டு பாட்டு, முப்பத்தெட்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். 2001இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் இதுதான். பதிவு நடந்தபோது இசைத்தட்டு நிறுவனத்துப் பக்கம் சிலர் மைக் ஷினோடாவை ஓரங்கட்டிவிட்டு செஸ்டரை மட்டும் முன்னால் நிறுத்தப் பார்த்தார்கள். செஸ்டர்தான் அதற்கு ஒப்பவில்லை. புதிதாக வந்து சேர்ந்த பாடகர், ஒப்புக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் லாபம். அன்றைக்கு அவர் தலையாட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

முதல் பாட்டு பேப்பர்கட்டின் கடைசி ஒரு நிமிஷத்தைக் கேளுங்கள். அதுவரை மாறி மாறி வந்த இரண்டு குரலும் அங்கே ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும். இரண்டு பேரும் வேறு வேறு வார்த்தை, ஆனால் எதுவும் எதையும் மிதிக்காது. மிக்ஸரில் இரண்டு மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டிமன்றம் நடத்திப் பார்த்தவனுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இன் தி எண்ட் வேறு மாதிரி. பியானோ தொடங்கும், மைக் பேசிக்கொண்டே போவார், செஸ்டர் நடுவில் ஒரு கீற்று நுழைந்து வெளியேறுவார், அப்புறம் பல்லவியில் கதவு திறக்கும். அந்தப் பாட்டு ஆல்பத்தில் இருப்பதே செஸ்டருக்கு முதலில் பிடிக்கவில்லையாம். பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு சொன்ன சங்கதி இது. 2002இல் கிராமி விருது வாங்கியது கிராலிங். அதில் மைக்குக்கு வேலை குறைவு, எனக்கு அது ஆல்பத்தின் உச்சமும் இல்லை.

இன்னொன்று: ஆல்பம் முழுக்க ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அத்தனை கோபத்தையும் வசவு இல்லாமல் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் செட்டில் வேலை பார்க்கும் பையன்கள் வயர் சிக்கினாலே பத்து வசவு வைவார்கள்.

தௌசண்ட் சன்ஸ் இரண்டாமிடமா? அதில் கிட்டாரே இல்லையே?

கிட்டார் குறைவு, உண்மைதான். வந்த புதிதில் நானும் சிடியை உறையில் போட்டு வைத்தவன்தான். முதல் இரண்டு ஆல்பத்தை எதிர்பார்த்தவனுக்கு இது பிரியாணிக் கடையில் இட்லி வைத்தது மாதிரி இருந்தது.

இது அணுகுண்டைப் பற்றிய ஆல்பம். பதினைந்து தலைப்பில் ஆறு சின்ன இணைப்புத் துண்டுகள், ஒன்பதுதான் முழுப்பாட்டு. நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகக் கேட்கக் கட்டியது. அதனால்தான் சிடியில் நாலு பாட்டை மட்டும் பொறுக்கிக் கேட்ட நமக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது துண்டில் ஒரு கிழவரின் குரல் வரும், அது ஓப்பன்ஹைமர். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த அறிவியலாளர்களின் தலைவர். அந்த நாளை நினைவுகூர்ந்து, கண்ணன் விசுவரூபம் எடுத்துச் சொல்லும் வரியை அவர் சொல்கிறார்: உலகங்களை அழிக்கும் காலனாக நானே ஆகிவிட்டேன் என்று. ஆல்பத்தின் பெயரும் கீதையின் அதே பதினோராம் அத்தியாயத்தில் இருந்துதான். வானத்தில் ஆயிரம் சூரியன் ஒரே நேரத்தில் உதித்தால் வரும் ஒளி என்ற உவமை அது. மார்கழியில் கோவில் கோவிலாகக் கீதை உபந்நியாசத்துக்கு மைக் செட் போட்டவன் நான். அந்த அத்தியாயத்தைப் பல தடவை, டீ குடித்துக்கொண்டு, காதில் வாங்காமல் கேட்டிருக்கிறேன். கலிஃபோர்னியாக்காரர்கள் சொல்லித்தான் உட்கார்ந்து கேட்டேன், கொஞ்சம் வெட்கம்தான்.

சரி, எசப்பாட்டு? வெய்ட்டிங் ஃபார் தி எண்டில் மைக் ராகமிழுத்துப் பேச, செஸ்டர் மெல்ல வந்து பாட, கடைசியில் இரண்டும் பின்னிக்கொள்ளும். பேப்பர்கட்டில் செய்ததைப் பத்து வருஷம் கழித்து, கத்தாமல் செய்திருக்கிறார்கள். பிளாக்கவுட்டில் அப்படியே தலைகீழ், ராப் மாதிரி வெட்டி வெட்டிக் கத்துவது செஸ்டர், முடிவில் வந்து ஆற்றுகிற குரல் மைக்குடையது.

வென் தே கம் ஃபார் மீ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கோவில் திருவிழா. சாயங்காலம் பாக்ஸ் சரிபார்க்க அந்தப் பாட்டைப் போட்டேன், சத்தம் குறைவாகத்தான். முழுக்க முரட்டு அடி, மேலே மைக்கின் பேச்சு. பக்கத்தில் தப்பு செட் ஆட்கள் வைக்கோலைக் கொளுத்தி அதில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் விறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் தொங்கிவிடும். அதில் மூத்தவர் தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தார். இரண்டு சுற்று கேட்டார். மூன்றாவது சுற்றில் விரலால் ஒரு தட்டு, குச்சியால் ஒரு தட்டு, அப்புறம் பாட்டோடு கூடவே போய்விட்டார். பாட்டு முடிந்ததும், “யாருண்ணே இது? அடி நம்ம அடி மாதிரி இருக்கு, வாய்தான் புரியல” என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். நான் போடுவதற்குள் கமிட்டிக்காரர் வந்துவிட்டார்.

அந்த ஆல்பம் இரண்டாம் இடத்தில் இருப்பதற்கு அந்தப் பெரியவர்தான் பாதிக் காரணம்.

மெட்டியோராவை மூன்றாவதாக வைக்க எப்படி மனசு வந்தது?

நம்ப், ஃபெய்ன்ட், சம்வேர் ஐ பிலாங், பிரேக்கிங் தி ஹேபிட். நாலும் ஒரே ஆல்பத்தில். பாட்டுப் பாட்டாக எண்ணினால் இதுதான் முதலிடம், மறுக்கவில்லை. 2003 மார்ச்சில் வந்த முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 8 லட்சத்துக்கு மேல் விற்றது. பெயர் கிரேக்க நாட்டில் உள்ள ஓர் இடத்தினுடையது. செங்குத்தான பாறை உச்சிகளில் துறவிகள் மடம் கட்டி வாழ்ந்த இடம். யானைமலை உச்சியில் மடம் கட்டிக் குடியிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஆனால் இது ஹைப்ரிட் தியரியின் அச்சில் இன்னொரு தடவை வார்த்தது. அதே தயாரிப்பாளர் டான் கில்மோர், ஏறக்குறைய அதே நீளம், அதே கட்டமைப்பு. அத்தோடு, பலருக்கும் உயிரான நம்ப் பாட்டில் மைக் எங்கே? பின்னால் ஒரு நிழலாக நிற்கிறார். பிரேக்கிங் தி ஹேபிட் எழுதியது மைக், ஆனால் பாடுவது செஸ்டர் மட்டும். தன் வாழ்க்கையையே எழுதிவிட்டதாகத் தோன்றி, அதைப் பாட செஸ்டர் திணறினார் என்பார்கள். அருமையான பாட்டு, ஆனால் ஒற்றைக் குரல். எசப்பாட்டுக்கு ஃபெய்ன்ட்தான். மைக் மூச்சு விடாமல் ஓட, செஸ்டர் குறுக்கே பாய்வார். நோபடிஸ் லிசனிங்கில் வரும் ஜப்பானிய மூங்கில் குழலையும் கவனியுங்கள், பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அக்கா மகன் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு வரும்போது மறுபடி சண்டை உண்டு.

மினிட்ஸ் டு மிட்நைட்?

தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு சேர்ந்து பழைய பாணியை உதறிய ஆல்பம். கிவன் அப் பாட்டில் செஸ்டர் பதினேழு விநாடி ஒரே மூச்சில் கத்துவார், அதை நேரம் வைத்துப் பார்ப்பது எங்கள் வண்டியில் ஒரு விளையாட்டு. ஆனால் மைக் ராப் செய்வது மொத்தமே இரண்டு பாட்டில்தான்: பிளீட் இட் அவுட், ஹேண்ட்ஸ் ஹெல்ட் ஹை. உரித்து வைத்த நுங்கில் பாதியைக் காணோம் என்றால் என்ன செய்வது?

லிவிங் திங்ஸும் ஹன்டிங் பார்ட்டியும் எப்படி?

லிவிங் திங்ஸில் முதல் பாட்டு லாஸ்ட் இன் தி எக்கோ ஒன்றே போதும், ஐந்தாம் இடத்துக்குத் தகுதி. பழைய எசப்பாட்டு திரும்பி வந்த வீடு அது. பின்பாதி கொஞ்சம் தொய்வு.

ஹன்டிங் பார்ட்டி சத்தத்தில் எல்லாவற்றையும் தின்றுவிடும். ராப் பாடகர் ராக்கிம், கிட்டார்காரர் டாம் மொரெல்லோ, சிஸ்டம் ஆஃப் எ டவுன் குழுவின் டாரன் மலாக்கியன், ஹெல்மெட் குழுவின் பேஜ் ஹாமில்டன் என்று விருந்தாளிகள் நாலு பேர். விருந்தாளி அதிகமானால் வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை.

ஒன் மோர் லைட் கடைசியா? செஸ்டரின் கடைசி ஆல்பம் அது.

தெரியும். இந்தப் பதிலைத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2017 மே 19 அன்று வந்தது. ஜூலை 20 அன்று செஸ்டர் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 41. வந்த புதிதில் நான் இதைத் திட்டியிருக்கிறேன், ரேடியோ பாப் ஆகிவிட்டார்கள் என்று. ஆளாளுக்குத் திட்டினோம். இரண்டு மாதம் கழித்து அதே ஆல்பத்தைக் கேட்கும்போது ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி காதில் விழுந்தது. தலைப்புப் பாட்டு, குழுவுக்கு நெருக்கமாக இருந்து புற்றுநோயில் இறந்த ஒரு தோழிக்காக எழுதியது. இப்போது உலகம் முழுக்க அது செஸ்டருக்கான பாட்டாகிவிட்டது. அந்த ஒரு பாட்டைத் தனியாக எடுத்தால் என் வரிசையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

ஆனால் ஆல்பமாக? மைக்கின் ராப் குட் குட்பை என்ற பாட்டோடு சரி. துக்கத்துக்காக இடம் மாற்றினால் அது வரிசை இல்லை, மொய்ப் பணம். செஸ்டருக்கு மொய் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஃப்ரம் ஸீரோ: செஸ்டர் இல்லாமல் அது லிங்கின் பார்க்கா?

நானும் அப்படித்தான் நினைத்து, வந்த முதல் நாள் கேட்கவே இல்லை. ஏழு வருஷம் கழித்து 2024 செப்டம்பரில் டெட் சாரா குழுவின் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பாடகியாகச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். டிரம்ஸில் ராப் போர்டன் இல்லை, காலின் பிரிட்டன். நவம்பர் 15 அன்று ஆல்பம். சுமார் முப்பத்திரண்டு நிமிஷம், அதாவது மேலூரில் இருந்து மாட்டுத்தாவணி போவதற்குள் முடிந்துவிடும்.

தி எம்ப்டினஸ் மெஷின் பாட்டில் ஒரு சாமர்த்தியம் செய்திருக்கிறார்கள். முதல் பகுதி முழுக்க மைக் பாடுகிறார். நமக்குப் பழகிய குரல். சபை உட்கார்ந்துவிட்ட பிறகுதான் எமிலி வருகிறார். எங்கள் ஊர் நாடகத்தில் புது நடிகையை மேடையேற்றும் முன் பழைய பபூன் வந்து கூட்டத்தை நிதானப்படுத்துவார் இல்லையா, அதேதான். டூ ஃபேஸ்டில் இருவரும் வாங்கிக் கொடுத்துக் கத்துவது 2001ஐ அப்படியே கண்முன் கொண்டுவரும். செஸ்டர் இடத்தில் எமிலி நிற்கவில்லை, மைக்குக்கு எதிரே நிற்கிறார். என் அளவுகோலுக்கு அதுதான் வேண்டும். நாலாமிடம் கொடுத்தேன். பெயரிலேயே அவர்களின் முதல் பெயர் ஸீரோவும் ஒளிந்திருக்கிறது.

ரீஅனிமேஷன், ஜே-ஸியோடு செய்தது எல்லாம் கணக்கில் வராதா?

வராது. ரீஅனிமேஷன் (2002) பழைய பாட்டுகளின் ரீமிக்ஸ், கொலிஷன் கோர்ஸ் (2004) ராப் பாடகர் ஜே-ஸியின் பாட்டுகளோடு கலந்தது. ஆனாலும் அதிலுள்ள நம்ப்/என்கோர் கேட்டுவிடுங்கள். நம்பில் காணாமல்போன எதிர்க்குரலை ஜே-ஸி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பிரிங் மீ டு லைஃப் பாட்டு வரிசையில் எந்த ஆல்பத்தில் வருகிறது?

எதிலும் வராது, அது எவனெசன்ஸ் என்ற வேறு குழு. என் எம்பி3 சிடிகளிலும் லிங்கின் பார்க் என்றுதான் பெயர் போட்டிருந்தது. செஸ்டர் எப்போது பெண் குரலில் பாடினார் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 2024இல் எமிலி வந்தபோது எங்கள் பையன் ஒருவன், “அண்ணே, பழைய ஆளே திரும்ப வந்துருச்சு போல” என்றான்.

வரி புரிந்துதான் கேட்டீர்களா?

பத்து வருஷம் புரியாமல்தான் கேட்டேன். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு முப்பத்தெட்டு மார்க். ஒருவன் முறையிடுகிறான், ஒருவன் வெடிக்கிறான் என்பது புரிந்தது. அப்புறம் போன் வந்தது, வரியைத் தேடிப் படித்தேன். நான் நினைத்ததற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

திருவிழாவில் போட்டிருக்கிறீர்களா?

ஒரே தடவை, முழுச் சத்தத்தில். செட் கட்டி முடித்த அவசரத்தில் பிள்ளையார் பாட்டுப் போடுவதற்கு முன்னால் ஃபெய்ன்ட் போட்டுவிட்டேன். முளைப்பாரிக்கு மண் அள்ளிக்கொண்டிருந்த ஓர் அப்பத்தா ஓடிவந்து, “ஏத்தா, யாரப் போட்டு இப்பிடி அடிக்கிறாய்ங்க?” என்று கேட்டது. யாரையும் அடிக்கவில்லை, பாட்டுதான் என்றேன். நம்பவில்லை. அந்த வருஷம் பேசிய வாடகையில் ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

கத்தல் ஒத்துவராதவர் வெய்ட்டிங் ஃபார் தி எண்ட். ஒத்துவருபவர் பேப்பர்கட். பேருந்தில் போகிறவர் ஹைப்ரிட் தியரியை முழுதாக, பாட்டைத் தாண்டாமல். தௌசண்ட் சன்ஸை மட்டும் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஹெட்போனில், நடுவில் போன் எடுக்காமல். செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு “ஒன்னுமே இல்லையே மாமா” என்று என்னிடம் வரக் கூடாது.